கென்யா ஓபன்: இரண்டாம் படியில் நின்ற ஒரு போட்டியின் கதை

கொழும்பில் களனிவெளி ரயில் பாதையில் பயணம் செய்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரிந்திருக்கும். நெருக்கமான வீடுகளுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கும் ரயிலின் இரு பக்கமும் திடீரென்று பச்சைப் புல்வெளி விரியும். 1879 இல் தொடங்கப்பட்ட றோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தின் மைதானத்தை ஊடறுத்தே அந்தப் பாதை செல்கிறது. கதவருகே நின்று அதைப் பார்க்கும்போதெல்லாம், இது யாருடைய விளையாட்டு என்ற கேள்வி எனக்குள் எழும்.

அந்தக் கேள்விக்கு விடை தேடி வாசிக்கத் தொடங்கியபோதுதான் கென்யா ஓபன் சுற்றுப்போட்டியின் வரலாறு என் கண்ணில் பட்டது. உலகின் நான்கு பெரும் கோல்ஃப் போட்டிகளில் அது ஒன்றல்ல. 28 ஆண்டுகள் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைத் தொடரிலேயே அது இருந்தது. ஆனாலும் ஒரு நாட்டின் காலனித்துவக் காலம், சுதந்திரம், இடம்பெயர்வு, பணம் எல்லாம் அதற்குள் வந்து போகின்றன.

கென்யா 1963 இல் சுதந்திரம் அடைந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1967 இல், நைரோபியின் முத்தைகா மைதானத்தில் முதலாவது கென்யா ஓபன் நடந்தது. வென்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த கை வோல்ஸ்டன்ஹோம். அடுத்த இரண்டு ஆண்டுகளும் வென்ற மொரிஸ் பெம்பிரிட்ஜும் ஆங்கிலேயர்தான். அவர் 1979 இல் மீண்டும் வென்று, மூன்று முறை வென்றவர் என்ற பெருமையைப் பெற்றார்.

முத்தைகா, கேரன் ஆகிய பெயர்களே நிறையச் சொல்கின்றன. டென்மார்க் எழுத்தாளர் கேரன் பிளிக்சன் கோப்பி பயிரிட்ட நிலத்தில்தான் கேரன் கழகம் 1937 இல் உருவானது. இந்தக் கழகங்கள் வெள்ளையின அதிகாரிகளுக்கும் தோட்டக்காரர்களுக்கும் உரியவையாக இருந்தன. கென்யாவின் மண்ணின் மக்கள் பெரும்பாலும் பை சுமப்பவர்களாகவும் புல் வெட்டுபவர்களாகவுமே உள்ளே வந்தார்கள். பின்னாளில் அந்நாட்டின் தொழில்முறை வீரர்கள் பலர் உருவானதும் பை சுமந்தவர்களிடமிருந்துதான். நம் நாட்டின் தொழில்முறைக் கோல்ஃப் வீரர்கள் பலர் வந்த வழியும் அதுவே.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் 'சஃபாரி சேர்க்யூட்' என்ற தொடரின் முக்கிய கட்டமாக கென்யா ஓபன் இருந்தது. ஐரோப்பாவில் குளிர் விலகாத மாதங்களில் பிரித்தானிய, ஐரோப்பிய வீரர்கள் நைஜீரியா, ஐவரி கோஸ்ட், கென்யா, சாம்பியா என்று ஆபிரிக்காவில் விளையாடப் புறப்பட்டு வருவார்கள். ஐரோப்பியப் பருவம் தொடங்குமுன் கையைச் சூடாக்கிக்கொள்வதும் கொஞ்சம் பணம் சேர்ப்பதும் அவர்களின் நோக்கம்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஸ்பெயினின் செவே பலெஸ்ட்ரோஸ். 1978 இல் கென்யா ஓபனை வென்றபோது அவருக்கு வயது 20. அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் ஓபனை வென்று உலகப் புகழ் பெற்றார். 1986 இல் இங்கு வென்ற வேல்ஸ் வீரர் இயன் வூஸ்னம், 1991 இல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் பட்டத்தை எடுத்தார். சுவையான தகவல் ஒன்று: பலெஸ்ட்ரோஸின் நினைவாகப் பெயர் வைக்கப்பட்ட இங்கிலாந்து வீரர் செவே பென்சன், 2012 இல் இதே கிண்ணத்தை வென்றார்.

1991 இல் கென்யா ஓபன் ஐரோப்பாவின் 'சலஞ்ச் டூர்' தொடரில் இணைக்கப்பட்டது. இரண்டாம் நிலை என்பது என்ன என்று இங்கே சொல்லியாக வேண்டும். உதைபந்தாட்டத்தில் கீழ்ப் பிரிவிலிருந்து மேல் பிரிவுக்கு அணி ஏறுவதுபோல, கோல்ஃபில் தனி வீரர் ஏறுகிறார். பருவம் முழுவதும் சேர்த்த வருமானத்தின் அல்லது புள்ளிகளின் அடிப்படையில், பட்டியலின் உச்சியில் இருக்கும் ஒரு சிலருக்கு மட்டுமே அடுத்த ஆண்டு முதல் நிலைத் தொடரில் இடம் கிடைக்கும். ஒரே பருவத்தில் மூன்று போட்டிகளை வென்றால் உடனடியாகவே மேலே போகலாம். மற்றவர்கள் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதில் மாதச் சம்பளம் கிடையாது. விமானச் சீட்டு, தங்குமிடம், பை சுமப்பவரின் கூலி எல்லாம் வீரரின் சொந்தச் செலவு. முதல் இரண்டு நாட்களின் முடிவில் தகுதிக் கோட்டைத் தாண்டாதவர் பரிசுப் பணம் எதுவும் இல்லாமல் வீடு திரும்புவார். பகுதிநேரமாக எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்தக் கணக்கு எளிதாகவே விளங்கியது.

தென்னாபிரிக்காவின் ட்ரெவர் இமெல்மன் 2000 ஆம் ஆண்டு கென்யா ஓபனை வென்றார். எட்டு ஆண்டுகளின் பின் மாஸ்டர்ஸ் பட்டம் அவரிடம் வந்தது. என்னை அதிகம் ஈர்த்தவர் 2017 இல் முத்தைகாவில் வென்ற ஆரன் ராய். இங்கிலாந்தின் வுல்வர்ஹம்டனில் பிறந்த இந்திய வம்சாவளியினர். அவருடைய தாய் கென்யாவிலிருந்து இங்கிலாந்து சென்றவர். 1967 இல், கென்யா ஓபன் தொடங்கிய அதே ஆண்டில், கென்ய அரசு கொண்டுவந்த குடிவரவு மற்றும் வணிக உரிமச் சட்டங்கள், குடியுரிமை பெறாத ஆசிய வம்சாவளியினரின் வாழ்வை நெருக்கின. ஆயிரக்கணக்கானோர் பிரித்தானியாவுக்குப் புறப்பட்டனர். 1948 இன் குடியுரிமைச் சட்டத்தை அறிந்த நமக்கு, ஒரு சட்டம் எத்தனை குடும்பங்களை நகர்த்தும் என்று விளக்கத் தேவையில்லை. ஒரு காலத்தில் ஆசியர்களுக்கும் இடமளிக்காத கழகங்கள் இருந்த நகரத்தில், கென்யாவிலிருந்து போன ஒரு தாயின் மகன் கிண்ணத்தைத் தூக்கினார்.

ராய் தன் இரும்பு மட்டைகளுக்கு உறை போட்டு வைப்பவர். தொழில்முறை வீரர்கள் எவரும் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. வசதி குறைந்த நிலையிலும் தந்தை விலை உயர்ந்த மட்டைகளை வாங்கித் தந்து, ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னரும் அவற்றின் கோடுகளை ஊசியால் துப்புரவு செய்ததை மறக்காமலிருக்கவே அந்தப் பழக்கம் என்று அவர் சொல்லியிருக்கிறார். 2017 இல் மூன்று போட்டிகளை வென்று நேரடியாக மேலே ஏறிய அவர், 2018 இல் ஹொங்கொங் ஓபனையும் 2020 இல் ஸ்கொட்டிஷ் ஓபனையும் வென்றார். 2024 இல் அமெரிக்காவில் வின்டம் பட்டமும் அவருக்குக் கிடைத்தது.

இந்த வெற்றிப் பட்டியலில் ஒரு பெரிய வெற்றிடம் உண்டு. இத்தனை ஆண்டுகளில் ஒரு கென்யர்கூட கென்யா ஓபனை வென்றதில்லை. மிக அருகில் போனவர் ஜேக்கப் ஒக்கெல்லோ. 1998 இல் அவரும் ஆர்ஜென்டீனாவின் ரிக்கார்டோ கொன்சாலெஸும் சமநிலையில் முடித்தார்கள். வெற்றியாளரைத் தீர்மானிக்கும் கூடுதல் ஆட்டத்தில் ஒக்கெல்லோ தோற்றார்.

2019 இல் கென்யா ஓபன் ஐரோப்பாவின் முதல் நிலைத் தொடருக்கு உயர்த்தப்பட்டது. முந்தைய ஆண்டு 5 இலட்சம் யூரோவாக இருந்த மொத்தப் பரிசுத் தொகை 11 இலட்சம் யூரோவானது. கேரன் கழகத்தில் நடந்த அந்த ஆண்டுப் போட்டியை இத்தாலியின் குய்தோ மிலியோட்சி வென்றார். உல்லாசப் பயணத்துறையை வளர்க்கும் நோக்கில் நாட்டின் பெயரையே விளம்பரமாக்கி 'மஜிக்கல் கென்யா ஓபன்' என்று பெயரும் சூட்டப்பட்டது. தொலைக்காட்சி வழியாக நைரோபியின் மரங்களையும் புல்வெளியையும் உலகம் பார்க்கிறது.

நாட்டுக்கு இது பெருமைதான். ஆனால் போட்டி உயர உயர, வரும் வீரர்களின் தரமும் உயர்கிறது. உள்ளூர் வீரருக்கு ஏணி இன்னும் செங்குத்தாகிறது. சலஞ்ச் டூர் காலத்தில் வெற்றிக்கு ஓர் அடி தூரத்தில் நின்றார் ஒக்கெல்லோ. இன்று தகுதிக் கோட்டைத் தாண்டும் கென்யரே செய்தியாகிறார். இதை உணர்ந்துதான் உள்ளூர் தொழில்முறை வீரர்களைத் தயார்ப்படுத்த 'சஃபாரி டூர்' என்ற பெயரில் தனித் தொடர் ஒன்று அங்கே நடத்தப்பட்டது. ஆண்டுக்கு ஒரு முறை வந்து போகும் பெரிய போட்டியால் மட்டும் வீரர்கள் உருவாவதில்லை என்பதை அது ஒப்புக்கொண்டது.

சர்வதேசப் போட்டிகளை நடத்துவதே விளையாட்டு வளர்ச்சி என்று நம் நாட்டிலும் அடிக்கடி பேசப்படுகிறது. மைதானமும் விளக்கும் விருந்தினரும் தயாராகிவிடும். விளையாடுகிறவர் எங்கிருந்து வருவார் என்பது கடைசியில்தான் யோசிக்கப்படும். கென்யா ஓபனின் பட்டியலில் அடுத்த பெயர் யாருடையது என்று இனி ஒவ்வோர் ஆண்டும் பார்ப்பேன். அது ஒரு கென்யரின் பெயராக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். பை சுமந்து வளர்ந்த ஒருவருடைய பெயராக இருந்தால் இன்னும் நல்லது.