ஏவப்படாத ராக்கெட்: கடைக்கு வராத பொம்மைகளின் சாட்சியம்

பொம்மைகளின் வரலாறு பெரும்பாலும் கடைக்கு வந்தவற்றைக் கொண்டே எழுதப்படுகிறது. இடையில் நின்றுபோன முன்மாதிரிகளோ சேகரிப்பாளர்களின் அபூர்வப் பொருள்களாக ஒதுங்கிவிடுகின்றன. ஆனால் ஒரு முன்மாதிரி எந்தப் படியில் நின்றது என்பதே அதைத் தடுத்தது எது என்பதற்கு முதல் சான்று. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் இயங்கிய கென்னர் நிறுவனத்தின் ஸ்டார் வார்ஸ் உருவங்கள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. அங்கே உருவத்தை மெழுகில் செதுக்கி, கெட்டிப் பிசினில் படியெடுத்து, எஃகு அச்சு வெட்டி, சோதனை வார்ப்பு எடுத்த பிறகே உற்பத்தி தொடங்கும். படிக்குப் படி செலவு ஏறும். அச்சு வெட்டியபின் பின்வாங்க வேண்டுமென்றால் வலுவான காரணம் இருந்தாக வேண்டும்.

1979-இல் நான்கு உருவங்களை வாங்கிய சான்றை அனுப்புவோருக்கு, முதுகிலிருந்து ராக்கெட் ஏவும் போபா ஃபெட் என்ற பாத்திரத்தின் உருவம் அஞ்சலில் வரும் என்று கென்னர் அறிவித்தது. எஞ்சியுள்ள வண்ணம் பூசாத சாம்பல்நீல வார்ப்புகளின் முதுகைப் பார்த்தால் ஒரு சிந்தனை நகர்வது புலப்படும். ஒரு வகை வார்ப்பில் விசைக்கான பள்ளம் ‘எல்’ வடிவில் இருக்கிறது. அடுத்ததில் விசை எளிதில் நழுவாதபடி அது ‘ஜே’ வடிவில் கொக்கிபோல் வளைகிறது. குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்த பொம்மையிலோ ராக்கெட் அசையாமல் பதிக்கப்பட்டிருந்தது. விளம்பரத்தில் ஏவும் வசதி இருந்த இடத்தை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தார்கள். திட்டத்தைக் கைவிடும்முன் அதைக் காப்பாற்ற முயன்றார்கள் என்பதை அந்த வளைந்த பள்ளமே சொல்கிறது.

சட்டம்தான் தடுத்தது என்று கூறுவோர் உண்டு. காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. மூன்று வயதுக்குட்பட்டோரின் பொம்மைகளில் விழுங்கத்தக்க சிறு பாகங்களைத் தடைசெய்த அமெரிக்க விதி 1980 ஜனவரி 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. கென்னர் உருவங்களோ நான்கு வயதுக்கு மேற்பட்டோருக்கானவை. அந்த விதி வருவதற்கு முன்பே, மாட்டெல் நிறுவனத்தின் பேட்டில்ஸ்டார் கேலக்டிகா விண்கலம் ஏவிய சிறு ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்திருந்தது. அந்தத் துயரமும் அதையொட்டி எழுந்த சட்டப்பொறுப்பு பற்றிய அச்சமும் விதியை முந்திக்கொண்டன.

ஒரே ஒரு பொம்மையை வைத்துப் பொதுவிதி சொல்லலாமா என்று கேட்பது நியாயமே. அதே நிறுவனத்தின் வேறு இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மூன்றாம் படத்துக்குப் பின் புதுக் கதையோடு வரிசையைத் தொடர கென்னர் வகுத்த திட்டத்தை லூகாஸ்ஃபிலிம் ஏற்கவில்லை. உரிமையாளர் மறுத்ததால் அது முன்மொழிவோடு நின்றது. ‘டிராய்ட்ஸ்’ வரிசையின் விளிக்ஸ் என்ற உருவம் அமெரிக்காவில் வெளிவராதபோதும், 1988-இல் பிரேசிலின் கிளாஸ்லைட் அதை விற்றது. உருவத்தில் குறையிருந்தால் இன்னொரு நாட்டில் விற்றிருக்க முடியாது. அதை நிறுத்தியது சுருங்கிய சந்தை. மறுப்பு தொடக்கத்திலும், ஆபத்து வார்ப்பிலும், சந்தை இறுதியிலும் குறுக்கிட்டன.

2024-இல் ஒரு போபா ஃபெட் முன்மாதிரி 5,25,000 டாலருக்கு ஏலம் போனது. அந்தத் தொகை அதன் அரிதான தன்மைக்குக் கிடைத்தது. வரலாற்றுக்கு ‘ஜே’ வடிவ வார்ப்பின் முதுகிலுள்ள பள்ளமே முக்கியம்: குழந்தையின் தொண்டையை மனத்தில் வைத்து ஒரு வடிவமைப்பாளர் கோட்டை வளைத்த தடம் அது.