பரிசுத்த அப்போஸ்தலர் ஆலயம், நியூயார்க்

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில், செல்சீ வட்டாரத்தில், ஒன்பதாவது அவென்யூவும் 28-ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் உள்ள எபிஸ்கோப்பல் திருச்சபை ஆலயம். 1840-களில் கட்டப்பட்டது. வீடற்றவர்களுக்கும் வறியவர்களுக்கும் இலவச மதிய உணவு வழங்கும் ‘ஹோலி அப்போஸ்டல்ஸ் சூப் கிச்சன்’ 1982 முதல் இங்கு இயங்கிவருகிறது. நகரின் மிகப் பெரிய அன்னதானக் கூடங்களில் இதுவும் ஒன்று. சி.எஸ்.ஐ. என்று நாம் அறிந்த தென்னிந்தியத் திருச்சபை இடம்பெற்றுள்ள ஆங்கிலிக்கக் கூட்டமைப்பிலேயே எபிஸ்கோப்பல் திருச்சபையும் இருக்கிறது.

கட்டடம்

ஹட்சன் ஆற்றுத் துறைகளில் வேலை செய்த குடியேறிகள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி இது. அவர்களை மனதில் வைத்தே 1844-இல் இங்கு சபை தொடங்கப்பட்டது. ஆலயத்தை வடிவமைத்தவர் மினார்ட் லஃபீவர். கட்டடம் கட்டுவோருக்கான கையேடுகள் எழுதி அமெரிக்கா முழுவதும் அறியப்பட்டவர் அவர். செங்கல் சுவர், எண்கோணக் கூம்புக் கோபுரம், உள்ளே தஸ்கன் பாணித் தூண்கள், அவற்றின் மேல் வளைந்து கவியும் கூரை என்று வேலை எளிமையானது. அந்தக் காலத்து நியூயார்க்கில் புதிதாக எழுந்த ஆலயங்கள் பலவும் கூர்மாடக் கோதிக் பாணியைப் பின்பற்றின. லஃபீவர் இங்கே அதைத் தொடவில்லை. 1858-இல் ரிச்சர்ட் அப்ஜானின் நிறுவனம் இருபுறமும் குறுக்குக்கூடங்களைச் சேர்த்து ஆலயத்தைச் சிலுவை வடிவமாக்கியது.

உள்ளே முதலில் கண்ணில் படுபவை வண்ணக்கண்ணாடிச் சாளரங்கள். செய்தவர் வில்லியம் ஜே போல்டன். பிற்பாடு இங்கிலாந்து சென்று குருவானவர். பளிச்சென்ற நிறங்களை நம்பாமல், வட்டமான சட்டங்களுக்குள் பழுப்புச் சாயலில் விவிலியக் காட்சிகளைத் தீட்டியிருக்கிறார். தொலைவிலிருந்து பார்த்தால் பழைய புகைப்படம் போலிருக்கும்.

1950-களின் இறுதியில் சுற்றுவட்டாரத் தெருக்கள் பலவும் இடிக்கப்பட்டு, ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் முயற்சியில் ‘பென் சவுத்’ என்னும் கூட்டுறவுக் குடியிருப்பு எழுந்தது. 1962-இல் நடந்த அதன் தொடக்க விழாவுக்குக் குடியரசுத் தலைவர் கென்னடி வந்தார். உயரமான அந்தக் குடியிருப்புக் கட்டடங்களுக்கு நடுவே இடிபடாமல் தப்பிய சிலவற்றில் இந்த ஆலயமும் ஒன்று. 1966-இல் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாகவும், 1972-இல் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது.

கதவைத் திறந்துவைத்த சபை

உணவுக்கூடம் வருவதற்கு முன்பே, மற்ற இடங்களில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களுக்கு இந்தச் சபை இடம் கொடுத்துவந்தது. ஒருபாலீர்ப்பு யூதர்களுக்காகத் தொடங்கிய ‘பேத் சிம்ஹாத் தோரா’ என்னும் வழிபாட்டுக் குழு 1973-இல் முதன்முதலாகக் கூடியது இந்த ஆலய வளாகத்தில்தான். 1977 ஜனவரியில் பேராயர் பால் மூர், தம்மை ஒருபாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட எல்லன் பாரெட்டுக்கு இங்கே குருப்பட்டம் அளித்தார். திருச்சபைக்குள் அது பெரும் புயலைக் கிளப்பியது.

உணவுக்கூடத்தின் தொடக்கம்

1980-களின் தொடக்கத்தில் நியூயார்க் தெருக்களில் படுத்துறங்குவோர் பெருகினர். மனநல மருத்துவமனைகள் நோயாளிகளை வெளியே அனுப்பின. வெளியே அவர்களைக் கவனிக்க ஏற்பாடு போதவில்லை. தினக்கூலிகளும் முதியவர்களும் வாடகைக்கு இருந்த ஒற்றை அறை விடுதிகள் இடிக்கப்பட்டன, அல்லது விலையுயர்ந்த குடியிருப்புகளாக மாறின. போதாக்குறைக்கு நாடெங்கும் பொருளாதார மந்தம்; நலத்திட்டங்களுக்கான கூட்டரசு ஒதுக்கீட்டிலும் வெட்டு. வீடற்ற ஆண்களுக்குத் தங்குமிடம் தர நகராட்சி கடமைப்பட்டது என்பதே ‘காலகன் எதிர் கேரி’ வழக்கின் முடிவில், 1981-இல்தான் ஒப்புக்கொள்ளப்பட்டது. தங்க இடம் கிடைத்தாலும் பகலில் சாப்பாட்டுக்கு எங்கே போவது?

ஆலயத்திலும் அப்போது நிலைமை சரியில்லை. சபையார் எண்ணிக்கை சுருங்கியிருந்தது, கையில் பணமும் இல்லை. இந்த நிலையில்தான் 1982 அக்டோபரில் ஆயர் ராண்ட் ஃப்ரூ சூப் கிச்சனைத் தொடங்கினார். முதல் நாள் வந்தவர்கள் சில பத்துப் பேர். சில ஆண்டுகளுக்குள் அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஆயிரம் சாப்பாடாக வளர்ந்தது.

இங்கிருந்து எட்டுத் தெரு தள்ளி, ஆறாவது அவென்யூவில், அதே அப்ஜான் கட்டிய இன்னொரு எபிஸ்கோப்பல் ஆலயம் இருந்தது. சபை கலைந்து கைமாறிய அந்தக் கட்டடம் 1983-இல் ‘லைம்லைட்’ என்னும் இரவு நடன விடுதியானது. நகரின் பழைய ஆலயங்கள் பலவும் இப்படிக் கைமாறின. அப்போஸ்தலர் ஆலயத்தில் சபை கலையவில்லை. ஞாயிறு ஆராதனை நிற்கவும் இல்லை. கைமாறிய அத்தகைய ஆலயங்களோடு இந்த ஆலயத்தை ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியது இதைத்தான்.

1990 தீயும் பெஞ்சுகளும்

1990 ஏப்ரல் 9, புனித வாரத்தின் திங்கட்கிழமை, ஆலயத்தில் தீப்பிடித்தது. கூரை போயிற்று, போல்டனின் சாளரங்களில் சில சேதமடைந்தன. பந்தி நடந்துவந்த பக்கத்துக் கட்டடம் தப்பியது. மறுநாள் மதியம் வழக்கம்போல் சாப்பாடு போட்டார்கள்.

சீரமைப்பு நான்கு ஆண்டுகள் நீடித்து, 1994-இல் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. அப்போது சபை எடுத்த ஒரு முடிவுதான் இந்தக் கட்டடத்தின் வரலாற்றில் பெரிய திருப்பம் என்று சொல்ல வேண்டும். தரையோடு பிணைந்த நீள பெஞ்சுகளை மீண்டும் போடவில்லை. வேண்டும்போது போட்டு எடுக்கும் நாற்காலிகள் வந்தன. இடம் திறந்ததும் பந்தி பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஆலயத்தின் நடுக்கூடத்துக்கே வந்துவிட்டது. பழமையைப் பேணுவோர் இத்தகைய மாற்றத்தை எளிதில் ஏற்பதில்லை. தீ வந்திராவிட்டால் அந்தப் பெஞ்சுகளை யாரும் அசைத்திருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது.

நடைமுறை

28-ஆம் தெருவில் வரிசை காலையிலேயே தொடங்கிவிடும். பத்தரை மணியளவில் கதவு திறக்கும். வருபவரிடம் பெயர், வருமானம், மதம், குடியேற்ற நிலை எதுவும் கேட்பதில்லை. சுடச்சுட ஒரு வேளைச் சாப்பாடு. தட்டை வாங்கிக்கொண்டு வட்ட மேசைகளில் போய் அமரலாம். மேலே லஃபீவரின் வளைகூரை, சுற்றிலும் போல்டனின் சாளரங்கள். பரிமாறுவோரும் துடைப்போரும் பெரும்பாலும் தொண்டர்கள். பண்டிகை விடுமுறை வாரநாளில் வந்தாலும் அன்றும் உண்டு. பிரசங்கம் கேட்டால்தான் சாப்பாடு என்ற நிபந்தனை இல்லை.

சாப்பாட்டுக்கு வருபவருக்கு வேறு தேவைகளும் இருக்கும். தங்குமிடம், சிகிச்சை, அரசு உதவி ஆகியவற்றுக்கு வழிகாட்டும் ஆலோசகர்கள் அங்கேயே இருக்கிறார்கள். 1990-களின் நடுவில் எழுத்தாளர் இயன் ஃப்ரேசியர், சாப்பிட வருபவர்களுக்காக ஓர் எழுத்துப் பட்டறையைத் தொடங்கினார். மதியம் பந்தி முடிந்ததும் எழுத உட்காருவார்கள். அதில் விளைந்த எழுத்துகளைத் தொகுத்து 2004-இல் ‘ஃபுட் ஃபார் தி சோல்’ என்ற நூல் வந்தது.

2020-இல் கொரோனா வந்தபோது உள்ளே அமர வைத்துப் பரிமாற முடியாமல் போயிற்று. வாசலில் பொட்டலமாகக் கொடுத்தார்கள். வேலையிழந்த குடும்பங்களுக்கு மளிகைப் பொருள் வழங்குவதும் கூடியது.