தண்டவாளம் போகாத மணல் ஊர்

திருகோணமலை வரலாறு என்றால் நம்மவர் பேனா பெரும்பாலும் கோட்டையையும் துறைமுகத்தையும் சுற்றியே வரும். புகையிரதத்துக்குக்கூட ஒரு பந்திதான்.

1927இல் மாகோவிலிருந்து கல்லோயா வழியாகப் புகையிரதம் இங்கு வந்தது. கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா என்று நிலையங்கள். பாதை துறைமுக நகரோடு நின்றுவிட்டது. வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீற்றரில், முஸ்லிம்கள் செறிந்து வாழும் புல்மோட்டைக்கு அது போகவேயில்லை.

புல்மோட்டைக்குக் கடற்கரையேதான் சுரங்கம். இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் கலந்த கறுத்த மணல். அள்ளிய இடத்தை வாடைக்காலக் கடல் திரும்பவும் நிரப்பும். இந்தக் கறுப்பு மணலின் தைத்தானியத்திலிருந்துதான் உலகத்துச் சுவர்களுக்கு வெள்ளைச் சாயம் செய்கிறார்கள். செய்வது பெரும்பாலும் வெளிநாட்டில்!

1957இல் பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைக் கையளித்தனர். அதே ஆண்டில்தான் கனிய மணல் கூட்டுத்தாபனம் உருவானது. தளத்தின் கதை நூல்களில் ஏறிற்று. மணலோ கடல்வழியே கப்பலேறிப் போனது. தண்டவாளம் போயிருந்தால் புல்மோட்டையும் ஏட்டில் ஏறியிருக்கும் என்பது என் எண்ணம்.

1997 செப்டெம்பரில், இல்மனைட் ஏற்ற வந்த கோர்டியாலிட்டி கப்பல் யுத்தத்தில் தாக்கப்பட்டு, சீன மாலுமிகள் மாண்டபோது ஊரின் பெயர் உலகச் செய்தியாயிற்று. அதுவும் கப்பலின் செய்திதான்.

நிலையங்களுக்குப் பதிவேடு உண்டு. மணலில் உழைத்தவர்களுக்கு நினைவு மட்டுமே. ஆரம்பத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று எண்பதைக் கடந்திருப்பார்கள். அன்று நாட்கூலி எவ்வளவு, மணலை எதில் சுமந்தார்கள், கப்பல் வராத மாதங்களில் அடுப்பு எப்படி எரிந்தது? அவர்களிடம் போயிருந்து கேட்டு எழுத ஓர் ஆள் வேண்டும்.