இரண்டு ஏடுகளும் ஒரு பொத்தானும்

ஊர் ஊராகச் சென்று கொள்முதல் செய்யும் வணிகன் மடியிலே ஒரு சிறு குறிப்பேட்டை வைத்திருப்பான். கடையிலே பெட்டியடியில் அவனுடைய பேரேடு இருக்கும். பகலிலே சிற்றேட்டிற் குறித்தவற்றை இரவிலே பேரேட்டிற் பதிவான். பேரேட்டில் அன்று ஏறிய புதிய கணக்குகளைச் சிற்றேட்டில் எழுதிக்கொள்வான். இவ்வேலை முடிந்த பின்னரே உறங்கச் செல்வான். ஒருநாள் மறந்தானாயின், மறுநாள் இரண்டு ஏடுகளும் இரண்டு வேறு செய்திகளைக் கூறும். எதனை நம்புவது என்ற ஐயம் பிறக்கும். ஐயம் பிறந்த பின் இரண்டு ஏடுகள் இருந்தும் ஓர் ஏடும் இல்லாதவன் நிலையே அவன் நிலையாகும்.

பழைய இந்தச் சங்கடம் இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலே புதிய வடிவத்தில் மீண்டும் தோன்றியது. மேசைமீது கணினி வந்து அமர்ந்தது. நண்பர்களின் முகவரிகள், கூட்டங்கள் நடைபெறும் நாள்கள், செய்யவேண்டிய பணிகள் ஆகிய யாவும் அதனுள் ஏறின. ஆயின், மேசையைச் சட்டைப்பையிற் போட்டுக்கொண்டு போவார் எவருமிலர். ஆகவே கையடக்கமான மின்னியற் குறிப்பேடு ஒன்று வேண்டியதாயிற்று. அந்தச் சிறு கருவியையும் மேசைக் கணினியையும் ஒரே செய்தியைக் கூறவைப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு ஐக்கிய அமெரிக்காவின் கலிபோணியா மாநிலத்திலே சிலர் கண்ட விடையே கைக்கணினியின் வரலாற்றில் நடுநாயகமாக விளங்குவதாகும்.

கைக்கருவிகள் அதற்கு முன்னரும் இருந்தன. இங்கிலாந்திலே சையொன் என்னும் கம்பனி 1984ஆம் ஆண்டிலேயே கையிற் பிடிக்கத்தக்க மின்னியற் குறிப்பேடொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்பத்தாண்டின் இறுதியில் யப்பானியக் கம்பனிகளும் அத்தகைய கருவிகளைச் செய்தன. 1992ஆம் ஆண்டு சனவரியில் அப்பிள் கம்பனியின் தலைவராயிருந்த ஜோன் ஸ்கலி, இத்தகைய கருவிக்குத் 'தனியாள் எண்ணியல் உதவியாளர்' என்ற பொருள்படும் பெயரொன்றைச் சூட்டினார். 1993ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அக்கம்பனியின் நியூட்டன் என்னுங் கருவி வெளிவந்தது. மனிதர் எப்படி எழுதினாலும் அதனைத் தானே படித்தறியும் என்று பறைசாற்றப்பட்ட அக்கருவி, எழுதியதொன்று படித்தது வேறொன்று என்னும்படி தடுமாறியது. செய்தித்தாள்கள் எள்ளி நகையாடின. விலையோ பல நூறு டொலர். உருவமோ சட்டைப்பைக்குள் அடங்காதது.

இக்காலத்திலே ஜெப் ஹோக்கின்ஸ் என்னும் பொறியியலாளர் இதே துறையில் உழைத்துக்கொண்டிருந்தார். எழுதுகோலால் தொட்டு இயக்கும் 'கிறிட்பாட்' என்னும் கணினியை 1989இல் வெளிக்கொணர்ந்த அனுபவம் அவருக்கு இருந்தது. 1992இல் அவர் பாம் கம்பியூட்டிங் என்ற நிறுவனத்தைத் தோற்றுவித்தார். நிருவாகத்தை டொனா டுபின்ஸ்கி என்னும் பெண்மணி ஏற்றார். விற்பனைப் பணியை எட் கொலிகன் ஏற்றார். வேறு கம்பனிகளோடு கூடி இவர்கள் ஆக்கிய 'சூமர்' என்னும் முதற்கருவி 1993இல் வந்தது. வந்த வேகத்திலேயே வீழ்ந்தது. அது மெதுவாக இயங்கியது, பாரமாகவும் இருந்தது. எல்லாம் செய்ய முயன்ற அது எதனையும் செவ்வனே செய்யவில்லை.

தோல்வியுற்றோர் பலர் பழியைச் சந்தையின்மீது போட்டுவிட்டு அமைதியடைவர். இவர்களோ அக்கருவியை வாங்கியவர்களிடமே சென்று, எதற்காக அதனைப் பயன்படுத்தினீர்கள் என்று வினவினர். கிடைத்த விடை அவர்கள் கண்களைத் திறந்தது. வாங்கியவர்களுக்கு இன்னுமொரு கணினி வேண்டியிருக்கவில்லை. கணினி அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அக்கணினியிலுள்ள செய்திகளைக் கையோடு கொண்டு செல்லவே அவர்கள் விரும்பினர். கைக்கருவியின் போட்டியாளர் கணினியன்று, கடதாசிக் குறிப்பேடே என்ற உண்மை அப்பொழுது புலனாயிற்று.

இவ்வுண்மையிலிருந்து ஹோக்கின்ஸ் நான்கு விதிகளை வகுத்தார். கருவி சட்டைப்பைக்குள் அடங்கவேண்டும். விலை 299 டொலரைத் தாண்டலாகாது. கடதாசியைப் புரட்டும் வேகத்தில் அது இயங்கவேண்டும். மேசைக் கணினியோடு இடரின்றி ஒத்திசையவேண்டும். பின்னர் அவர் ஒரு மரத்துண்டை அவ்வளவுக்குச் செதுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். உணவருந்தும் குச்சியொன்றை நறுக்கி எழுதுகோலாக்கினார். எவரேனும் ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சந்திக்கக் கேட்டால் மரத்துண்டை வெளியே எடுத்து, அதன்மேல் எழுதுவதுபோற் பாவனை செய்வார். கண்டவர்கள் நகைத்திருக்கலாம். ஆனால் எப்பொழுது கருவியை எடுக்கிறோம், எத்தனை முறை தட்டுகிறோம், எது வேண்டியதில்லை என்பனவற்றை அந்த மரத்துண்டே அவருக்குக் கற்பித்தது. இன்று அது கலிபோணியாவிலுள்ள கணினி வரலாற்று அரும்பொருட்காட்சியகத்திலே பேணப்படுகின்றது.

எழுதும் முறையிலும் ஒரு துணிவான முடிவு எடுக்கப்பட்டது. மனிதனின் கையெழுத்தைக் கருவி கற்கவேண்டும் என்று நியூட்டன் முயன்றது. அதற்குப் பதிலாக, எழுத்தைச் சிறிதே மாற்றி எழுத மனிதன் கற்றால் என்ன என்று ஹோக்கின்ஸ் கேட்டார். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொரு கோட்டால் எழுதும் 'கிறபிட்டி' என்னும் முறை 1994இல் வெளிவந்தது. ஏ என்னும் எழுத்துக்குக் குறுக்குக் கோடு இல்லை. கூரைபோன்ற வளைவு மாத்திரம் போதும். சிறிது நேரப் பயிற்சியாற் பலர் அதனைக் கற்றுக்கொண்டனர். பிழைகள் வெகுவாகக் குறைந்தன.

கருவியைச் செய்து வெளியிடும் பணம் சிறு நிறுவனத்திடம் இருக்கவில்லை. 1995இல் மோடம் செய்யும் யூ. எஸ். றொபோட்டிக்ஸ் கம்பனி அதனை விலைக்கு வாங்கிக்கொண்டது. 1996ஆம் ஆண்டின் முற்பகுதியில் பைலற் 1000, பைலற் 5000 என்னும் இரு கருவிகள் சந்தைக்கு வந்தன. முன்னதன் விலை 299 டொலர். நினைவகம் 128 கிலோபைற்று. பின்னதில் 512 கிலோபைற்று. இரண்டு சிறிய மின்கலங்களே பல வாரங்களுக்குப் போதுமாயிருந்தன.

இவையனைத்தினும் மேலாக அக்கருவியோடு பெட்டிக்குள்ளேயே வந்த ஒரு பொருள் வரலாற்றை மாற்றியது. அதுவே தொட்டில் என்று ஆங்கிலத்தில் அழைக்கப்பட்ட தாங்கி. அதிலிருந்து ஒரு வடம் கணினியின் பின்புறத்துக்குச் செல்லும். தாங்கியின் முகப்பில் ஒரேயொரு பொத்தான். முன்னைய கருவிகள் பலவற்றுக்கு இணைப்பு வடத்தையும் மென்பொருளையும் தனியே விலைகொடுத்து வாங்கவேண்டும். வாங்கிய பின்னரும் அவற்றை இயக்கிவைப்பது பெரும்பாடு. இங்கோ கருவியைத் தாங்கியில் நிறுத்திப் பொத்தானை அழுத்தினாற் போதும். 'ஹொட்சிங்க்' என்று பெயரிடப்பட்ட ஒத்திசைவு தொடங்கிவிடும். வணிகன் விளக்கொளியிலே செய்த வேலையை ஒரு பொத்தான் சிறுபொழுதிற் செய்து முடித்தது.

அப்பொத்தானின் பின்னால் நடந்தது யாது? கருவியிலுள்ள ஒவ்வொரு பதிவுக்கும், அஃதாவது ஒவ்வொரு முகவரிக்கும் ஒவ்வொரு குறிப்புக்கும், வேறெதற்கும் இல்லாத ஓர் எண் வழங்கப்பட்டிருந்தது. ஒரு பதிவை எவரேனும் திருத்தினால், திருத்தப்பட்டது என்ற சிறு அடையாளம் அதன்மேல் விழும். ஒரு பதிவை அழித்தால் அதன் சுவடு முற்றாக மறைவதில்லை. அழிக்கப்பட்டது என்ற அடையாளம் அடுத்த ஒத்திசைவு வரையும் காத்திருக்கும். இல்லையேல், அழிக்கப்பட்டதைப் புதிதாக வந்ததென்று எண்ணிக் கணினி மீண்டும் கருவிக்குள் அனுப்பிவிடும் அன்றோ?

கருவி இறுதியாக எந்தக் கணினியோடு ஒத்திசைந்ததோ அதே கணினியை மீண்டும் சந்தித்தால், அடையாளமிட்ட பதிவுகளை மட்டும் பரிமாறுவர். வேலை விரைவில் முடியும். அலுவலகத்தில் ஒரு கணினி, வீட்டில் ஒரு கணினி என இரண்டு இருந்தால் இது போதாது. அப்பொழுது எல்லாப் பதிவுகளையும், முன்னைய சந்திப்பில் எடுத்துவைத்த பிரதியோடு ஒவ்வொன்றாக ஒப்புநோக்குவர். நேரம் சென்றாலும் இரண்டு கணினிகளுக்கும் இடையே தூது செல்வோனாகச் சட்டைப்பைக் கருவி விளங்கியது.

இனி, மிகக் கடினமான கேள்வியொன்று எஞ்சியுள்ளது. ஒரே முகவரியைக் காலையிலே செயலாளர் கணினியில் ஒருவாறு திருத்துகிறார். மாலையிலே உரியவர் கைக்கருவியில் வேறொருவாறு திருத்துகிறார். இரண்டும் சந்திக்கும்போது எது மெய்? பிந்தியது மெய் என்று விதித்தல் எளிது. ஆயின் பிந்திய திருத்தமே பிழையாகவும் இருக்கலாம். இங்கே இக்கருவியை ஆக்கியோர் அடக்கத்தோடு நடந்துகொண்டனர். தீர்ப்பளிக்கும் உரிமையை இயந்திரத்துக்கு அவர்கள் கொடுக்கவில்லை. இரண்டு பதிவுகளையும் இரண்டு இடங்களிலும் வைத்துவிட்டு, முரண்பாடு உண்டென்று நாட்குறிப்பில் எழுதிவைத்தனர். ஓரிடத்தில் அழிக்கப்பட்டு மற்றோரிடத்தில் திருத்தப்பட்ட பதிவாயின், திருத்தப்பட்டதே நிலைக்கும். ஒரு பதிவு மிகையாக இருப்பதனால் வரும் தொல்லை சிறிது. ஒரு பதிவு சொல்லாமல் மறைவதனால் வரும் தீங்கு பெரிது. இந்த நியாயத்தின்மேலேயே அவ்விதி நின்றது.

கருவியைத் தத்தம் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளவும் இடமளிக்கப்பட்டது. கீழ்வரிசையிலுள்ள நான்கு பொத்தான்கள் நாட்குறிப்பு, முகவரி, செய்பணி, குறிப்பு ஆகியவற்றைத் திறப்பன. விரும்புவோர் அவற்றுக்கு வேறு வேலை கொடுக்கலாம். பதிவுகளைத் தாமே பெயரிட்ட பிரிவுகளின்கீழ் வகுக்கலாம். பிறர் எழுதிய மென்பொருள்களையும் அடுத்த ஒத்திசைவின்போது கருவிக்குள் ஏற்றலாம். மென்பொருள் எழுதும் வழிமுறைகளை நிறுவனம் யாவர்க்கும் திறந்துவைத்தமையால், மருத்துவர்க்கு மருந்தளவுப் பட்டியல், மாணவர்க்கு அகராதி, சிறுவர்க்கு விளையாட்டு என ஆயிரக்கணக்கான ஆக்கங்கள் தோன்றின.

ஒத்திசைவையும் அவ்வாறே அமைக்கலாம். ஒவ்வொரு வகைப் பதிவுக்கும் நான்கு வழிகளில் ஒன்றைத் தெரிவு செய்யவேண்டும்: இரண்டையும் ஒத்திசைப்பது, கணினியிலுள்ளதைக் கருவிமேல் எழுதுவது, கருவியிலுள்ளதைக் கணினிமேல் எழுதுவது, ஒன்றும் செய்யாதிருப்பது. இவற்றுள் நடுவிலுள்ள இரண்டும் கத்தி போன்றன. மின்கலம் முற்றாக ஓய்ந்தால் கருவியின் நினைவு முழுவதும் அழியும். அத்தகைய வேளையில் கணினியிலுள்ளதைக் கருவிமேல் எழுதும் வழியே இழந்ததை மீட்டுத் தந்தது. அதே வழியைத் தவறுதலாகத் தெரிந்தெடுத்தவர், பகல் முழுதும் வெளியிலே குறித்த அனைத்தையும் ஒரு பொத்தானை அழுத்திய கணத்திற் பறிகொடுத்தார். காக்கும் கையும் அழிக்கும் கையும் ஒன்றாகவே இருந்தன. அதனை ஏவும் பொறுப்பு மனிதனுடையதாயிருந்தது.

பைலற் கருவிகள் இலட்சக்கணக்கில் விற்பனையாயின. எனினும் அவற்றை ஆக்கிய நிறுவனத்தின் வாழ்வு அமைதியாகச் செல்லவில்லை. 1997இல் திறீகொம் கம்பனி, யூ. எஸ். றொபோட்டிக்ஸையும் அதனோடு பாமையும் தனதாக்கியது. பைலற் என்னும் பெயருக்குப் பேனைக் கம்பனியொன்று உரிமை கோரியதால் அப்பெயர் கைவிடப்பட்டது. 1998இல் ஹோக்கின்ஸும் டுபின்ஸ்கியும் விலகி ஹான்ட்ஸ்பிறிங் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். 2003இல் அது மீண்டும் பாமோடு இணைந்தது. அதற்குள் தொலைபேசியும் குறிப்பேடும் ஒரே கருவியாகிக்கொண்டிருந்தன. 2007இல் அப்பிளின் ஐபோன் வந்தது. 2010இல் ஹியூலெற் பக்கார்ட் 120 கோடி டொலருக்குப் பாமை வாங்கியது. மறு ஆண்டிலேயே அவ்வகைக் கருவிகளைச் செய்வதை நிறுத்திவிட்டது.

நிறுவனம் மறைந்தது, ஆனால் அது விடை கண்ட கேள்வி மறையவில்லை. இன்று ஒருவருடைய முகவரிகளும் படங்களும் கடிதங்களும் தொலைபேசியிலும் கணினியிலும் தொலைவிலுள்ள பெருங்கணினிகளிலும் ஒரே காலத்தில் இருக்கின்றன. தாங்கி இல்லை, வடம் இல்லை, அழுத்துவதற்குப் பொத்தானும் இல்லை. ஒத்திசைவு ஓயாது நடைபெறுகின்றது. நடைபெறுவதை எவரும் காண்பதில்லை. வசதி பெரிதே. ஆயினும் ஓரிடத்தில் அழித்தது எல்லா இடங்களிலும் அழிந்தது கண்டு திகைப்போரும் இருக்கின்றனர். பல இடங்களில் ஒத்திசைந்திருக்கும் பிரதி வேறு, ஓரிடத்தில் தனியே காத்துவைத்த பிரதி வேறு என்பதனை அவர்கள் இழந்த பின்னரே அறிகின்றனர்.

பொத்தானை அழுத்திய தலைமுறைக்கு ஒரு நன்மை இருந்தது. நாளொன்றுக்கு ஒருமுறையாவது தன் இரு ஏடுகளையும் நேருக்கு நேர் நிறுத்தி, அவை ஒத்திருக்கின்றனவா என்று அது பார்த்தது. பெட்டியடியிலிருந்த வணிகனும் அதனையே செய்தான். வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம். எது மெய்யென்று பார்க்கும் கண்ணையும் சேர்த்து ஒப்படைத்தல் தகாது. கைக்கணினியின் சிறு வரலாறு நேயர்களுக்கு நினைவூட்டுவது இதுவே.