பணிப்பெண்ணும் விவாத அரங்கும்: ஒரு சிறு வரலாறு

நம் மாணவர்களின் கட்டுரைகளில் பணிப்பெண் அடிக்கடி வருகிறார். கதவைத் திறப்பார், தேநீர் கொண்டு வருவார், புத்தகப்பையைச் சுமப்பார். ஆனால் பேசமாட்டார். அவரைப் பேசவைக்கச் சிங்கப்பூர் மேடையில் நடந்த முயற்சிக்கும், பார்வையாளரையே பேசவைக்க நடந்த முயற்சிக்கும் தனித்தனி வரலாறுகள் உண்டு. நாடகத்தை வகுப்பறைக்குள் கொண்டுவரும் ஆசிரியர்களும், வீட்டில் பணிப்பெண் வைத்திருக்கும் பெற்றோரும் அவற்றைச் சேர்த்து அறிதல் நன்று என்று கருதியே இதனை எழுதுகிறேன்.

தாய்லாந்து, இலங்கை, பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்களை வீட்டு வேலைக்கு அமர்த்த அரசு 1978ஆம் ஆண்டில் வழிசெய்தது. தாய்மார்கள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் சென்றதால் குழந்தைகளையும் முதியோரையும் கவனிக்க ஆள் தேவைப்பட்டது. இன்று இங்குள்ள பணிப்பெண்கள் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஆயினும் வேலை நேரம், விடுப்பு முதலியவற்றை வரையறுக்கும் வேலைவாய்ப்புச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. வேலை அனுமதிச் சீட்டின் விதிகளே அவர்களை ஆள்கின்றன.

1983இல் தோன்றிய 'தி தேர்ட் ஸ்டேஜ்' என்னும் நாடகக் குழு, 1986இல் 'எஸ்பெரான்சா' என்னும் நாடகத்தை மேடையேற்றியது. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்கு 'நம்பிக்கை' என்று பொருள். பிலிப்பினோ பணிப்பெண் ஒருவரின் நிலையை அந்நாடகம் பேசியது. மறு ஆண்டு மே 21ஆம் நாள், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பதினாறு பேர் கைதாயினர். ஜூன் மாதம் மேலும் அறுவர். இக்குழுவின் உறுப்பினர் சிலரும், அயல்நாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவிவந்த கத்தோலிக்கத் தொண்டர்களும் அவர்களுள் அடங்குவர். மார்க்சியச் சதி என்றது அரசு. கைதானோர் பின்னர் அதனை மறுத்தனர். வழக்கு விசாரணை எதுவும் நடைபெறவில்லை.

'எஸ்பெரான்சா' பார்வையாளர் அமர்ந்து பார்க்கும் நாடகம். அவர்களை எழுந்து வரச் சொல்லும் நாடகமுறை வேறு. பிரேசில் நாட்டு அகஸ்தோ போவால் வகுத்த அதனை 'விவாத அரங்கு' எனலாம். அநீதியில் முடியும் ஒரு சிறு காட்சியை நடிகர்கள் நடித்துக் காட்டுவர். பிறகு அதையே மீண்டும் தொடங்குவர். இம்முறை பார்வையாளர் எவரும் "நிறுத்துங்கள்" என்று சொல்லி, ஒடுக்கப்பட்ட பாத்திரத்தின் இடத்தை ஏற்று, வேறு வழியை முயன்று பார்க்கலாம். மேடைக்கும் அவைக்கும் இடையே நின்று நடத்துபவரைச் சீட்டுக்கட்டின் பெயரால் 'ஜோக்கர்' என்றார் போவால். நம் தெருக்கூத்தில் அவையோருடன் நேரே பேசும் கட்டியக்காரனை அறிந்தவர்களுக்கு இவர் அந்நியர் அல்லர்.

போவாலிடம் நியூயார்க்கில் பயிற்சி பெற்ற ஆல்வின் டானும் ஹரேஷ் சர்மாவும் 1993இல் 'தி நெசசரி ஸ்டேஜ்' குழுவின் வழியாக இம்முறையை இங்கு அறிமுகம் செய்தனர். அந்நாடகங்கள் கணவன் மனைவி உறவையும் கலப்பு மணத்தையும் பேசின. பணிப்பெண்ணைப் பற்றியவை அல்ல. 1994 ஜனவரியில், எழுத்துப்படி இல்லாமல் பார்வையாளரைப் பங்கேற்கச் செய்யும் கலை பொது ஒழுங்குக்கு ஆபத்தாகலாம் என்று அரசு அறிவித்தது. தேசிய கலைகள் மன்றத்தின் நிதி ஆதரவு நின்றது. 2003 வரை அந்நிலை நீடித்தது.

அதே காலப்பகுதியில் பணிப்பெண்களின் உரிமை வேறு பாதையில் மெல்ல நகர்ந்தது. அவர்களைத் துன்புறுத்தும் முதலாளிகளுக்குத் தண்டனையை ஒன்றரை மடங்காக்கும் சட்டத்திருத்தம் 1998இல் வந்தது. 2001இல் ஓர் இந்தோனேசியப் பணிப்பெண் முதலாளியின் கொடுமையால் உயிரிழந்தது பலர் மனத்தை உலுக்கியது. அதன் விளைவாகத் திரண்ட குடிமக்கள் குழுவே 'டிடபிள்யூசி2' அமைப்பாயிற்று. 'ஹோம்' அமைப்பு 2004இல் தோன்றியது. வார ஓய்வு நாள் விதி 2013 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. ஆனால் பணிப்பெண் இசைந்தால் ஓய்வுக்கு ஈடாகப் பணம் தரலாம். மாதத்தில் ஒரு நாளையேனும் பணத்தால் ஈடுசெய்ய முடியாது என்ற விதி 2023 ஜனவரியில்தான் வந்தது.

இவ்விரு வரலாறுகளும் ஓரிடத்தில் சந்திப்பதாக எனக்குத் தோன்றுகிறது. விவாத அரங்குக்கு ஒடுக்கப்பட்டவர் அவையில் இருந்தாக வேண்டும். ரியோ டி ஜெனிரோவில் 1998 முதல் இயங்கிய 'மரியாஸ் டோ பிரேசில்' குழுவில் வீட்டுப் பணிப்பெண்களே நடிகைகள். தம் கதைகளைத் தாமே நடித்தனர். ஓய்வு நாளே இல்லாத பெண் எந்த மேடைக்கு வருவார்? ஞாயிற்றுக்கிழமை தேக்காவிலும் லக்கி பிளாசாவிலும் கூடும் பெண்களைப் பார்த்துக் 'கூட்டம்' என்று சலித்துக்கொள்வோர் நம்மிடையே உண்டு. வீட்டுக்கு வெளியே தம் மொழியில் தம் குறையைப் பேச அவர்களுக்கு வாய்த்த நேரம் அது.

ஆசிரியர்களுக்கு ஒரு பரிந்துரை. காட்சி ஒன்றை எழுதுங்கள்: ஞாயிறு காலை, பணிப்பெண் வெளியே புறப்படுகிறார், திடீரென விருந்தினர் வருகிறார்கள், "இன்று போகாதே" என்கிறார் வீட்டுத் தலைவி, சிறுவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். தலைவியைத் திடீரென நல்லவராக்கிக் காட்சியை முடிக்க மாணவர்கள் விரும்புவர், அனுமதிக்காதீர்கள். அதனை மந்திரம் என்று கூறி மறுப்பதே விவாத அரங்கின் மரபு. பணிப்பெண்ணின் இடத்தில் நின்று பேசிப் பார்க்கட்டும்; சம்பளமும் அனுமதிச் சீட்டும் எதிராளியின் கையில் இருக்கும்போது ஒரு சொல் சொல்வது எவ்வளவு கடினம் என்பது அப்போது புரியும். பிறகு சிறுவனின் இடத்திலும் நிற்கட்டும். நம் பிள்ளைகளுள் பலர் வீட்டில் இருப்பது அந்த இடத்தில்தான்.

பெற்றோர்களே, அன்று வீடு திரும்பும் பிள்ளை, "அக்காவுக்கு எந்த நாள் ஓய்வு?" என்று கேட்கக்கூடும். விடையை ஆயத்தமாக வைத்திருங்கள்.