ஒரு கடை... இரண்டு ஏடு!

ஆனையூரில் எனக்குத் தெரிந்த மாவு மில் ஒன்று இருக்கிறது. மிளகாய் அரைக்கிற நாளில் தெருமுனையிலேயே தும்மல் வந்துவிடும். மசாலாப் பொடியைப் பாக்கெட் போட்டும் விற்கிறார்கள். கல்லாவுக்கு மேலே லட்சுமி படம். அதற்கு இரண்டு பக்கமும் கண்ணாடி போட்ட இரண்டு காகிதங்கள். வலது பக்கம் மாநகராட்சி கொடுத்த தொழில் உரிமம். இடது பக்கம், 33 என்று ஆரம்பிக்கிற 15 எழுத்து ஜி.எஸ்.டி. எண்.

"இந்த ரெண்டு ஆபீஸுக்கும் உங்களைத் தெரியுமாண்ணே?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"என்னைய ரெண்டு பேருக்கும் தெரியும் தம்பி. அவுக ரெண்டு பேருக்குந்தான் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. இங்கிட்டு வாங்குன ரசீதை நகல் எடுத்து அங்கிட்டுக் குடுக்கணும்... நாந்தான் நடுவுல தபால்காரன்!"

அவர் சொன்னது நிஜம். ஜி.எஸ்.டி. பதிவுக்குப் போனால், 'கடை இங்கேதான் இருக்கிறது' என்பதற்கு அத்தாட்சியாகச் சொத்துவரி ரசீதோ, கரண்ட் பில்லோ கேட்கிறார்கள். சொத்துவரி வாங்கியதும் ஒரு அரசாங்கம்தான், ரசீதைக் கேட்பதும் ஒரு அரசாங்கம்தான். நடுவில் ஓடுவது நம்ம ஆள்.

இந்த மில் ஓர் அடிகூட நகரவில்லை. ஆனால், 2011 வரை அது ஆனையூர் நகராட்சியில் இருந்தது. மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது, ஆனையூரும் உள்ளே வந்தது. அதுவரை 1920-ம் வருடத்து நகராட்சிச் சட்டம். பிறகு 1971-ம் வருடத்து மதுரை மாநகராட்சிச் சட்டம். 2023-லிருந்து வேறொரு சட்டம். மாநில அரசின் பக்கமோ விற்பனை வரி, 2007 ஜனவரியில் 'வாட்', 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.! அரைக்கிற கல் ஒன்றுதான். ஏடுதான் மாறிக்கொண்டே இருக்கிறது.

ஒரு வியாபாரி எவ்வளவு சம்பாதிக்கிறான் என்று யாருக்குத் தெரியவேண்டும்? ஊருக்கா, அரசுக்கா? இந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஆயிரம் வயது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் வரிகளின் பெயர்களைப் படித்தால் கடைத்தெருவே கண்முன் வரும். தறி வைத்திருந்தால் தறியிறை. செக்கு ஓட்டினால் செக்கிறை. பொற்கொல்லருக்குத் தட்டாரப்பாட்டம். கடை விரித்தால் அங்காடிப்பாட்டம். இதையெல்லாம் பதிந்துவைக்கத் தலைநகரில் 'புரவுவரித் திணைக்களம்' என்றே ஒரு இலாகா. அதில் 'வரிப்பொத்தகம்' என்று ஒரு பதவி. வரி ஏட்டைக் காப்பவர்!

ராஜராஜன், நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாயைக் கொடுத்த கதை செப்பேடாக இருக்கிறது. அரசன் வாயால் சொன்னதை ஒருவர் ஓலையில் எழுதுகிறார். ஓலைநாயகங்கள் சரிபார்க்கிறார்கள். திணைக்களத்தார் வரி ஏட்டில் ஏற்றுகிறார்கள். கடைசியாக, அந்த வட்டாரத்து நாட்டாருக்கு ஓலை போகிறது. அவர்கள் ஊரைச் சுற்றி எல்லை காட்டிவிட்டுத் திரும்பப் பதில் எழுதுகிறார்கள். ஆக, தகவல் மேலிருந்து கீழும் போனது. கீழிருந்து மேலும் வந்தது. ஊர்ச்சபையிலும் கணக்கு எழுதக் கரணத்தான் ஒருவர் இருந்தார். சோழராட்சியில் வரிச்சுமையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. கட்டமுடியாதவன் நிலத்தைச் சபையே விற்றதற்கும் கல்வெட்டு உண்டு. ஏடு இரண்டு இடத்தில் இருந்தது, இரண்டும் பேசிக்கொண்டன என்பதுதான் விஷயம்.

வெள்ளைக்காரர்கள் வந்தபோது சென்னை மாகாணத்தில் 'மோதர்பா' என்றொரு வரி புழக்கத்தில் இருந்தது. தறி, பட்டறை, கடை எல்லாவற்றின் மேலும் விழுந்த வரி. தச்சன், கொல்லன், தெருவோரம் கூடை வைத்து விற்கிற கிழவி... ஒருத்தரும் தப்பவில்லை. கம்பெனி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. 1852-ல் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் தொடங்கிய சென்னை சுதேசிச் சங்கம், லண்டன் பார்லிமென்ட்டுக்கு ஒரு மனு அனுப்பியது. கைக்கருவியின் விலையைப்போல் 6 மடங்கு வரி கட்டவேண்டி வருகிறது என்று அதில் ஒரு புலம்பல். யோசித்துப் பாருங்கள்... 1 ரூபாய் உளிக்கு 6 ரூபாய் வரி! அவன் சம்பாதிப்பது என்ன என்று யாருக்கும் தெரியாது. கையில் உளி இருப்பது மட்டும் தெரிந்தது. அதற்கே வரி.

அடுத்து வந்தது வேறுவிதமான ஆசை. 1857 கலகத்தில் கஜானா காலி. லண்டனில் 'எகனாமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கிய ஜேம்ஸ் வில்சன் நிதிமந்திரியாகக் கல்கத்தா வந்து, 1860-ல் இந்தியாவின் முதல் வருமான வரியைக் கொண்டுவந்தார். சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் ஒரே பிடியாக எதிர்த்தார். மனசுக்குள் எதிர்த்திருந்தால் பிழைத்திருப்பார். தன் எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகையிலேயே வெளிவர வைத்துவிட்டார்! உடனே பதவி போனது, கப்பலேறினார். வில்சனும் அதே ஆகஸ்டில் வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனார். வரி மட்டும் 1865 வரை உயிரோடு இருந்தது, பிறகு வேறு வேறு உருவத்தில் திரும்பி வந்தது.

இங்கேதான் ஏடு இரண்டாகப் பிரிகிறது. வருமானத்தைப் பார்க்கிற ஏடு மேலே போய்விட்டது. 1866-ல் நகராட்சியான மதுரை போன்ற ஊர்களுக்கு மிஞ்சியது வீட்டுவரி, தொழில்வரி, லைசென்ஸ் கட்டணம். மில் மோட்டாருக்கும் விறகுத்தொட்டிக்கும் கொடுக்கிற அந்த லைசென்ஸுக்குப் பேச்சு வழக்கில் இன்றும் 'டி அண்ட் ஓ' என்றுதான் பெயர். ஆபத்தானது, அருவருப்பானது என்று அர்த்தம். இட்லி மாவு அரைப்பதில் என்ன அருவருப்போ!

1939-ல் ராஜாஜி மந்திரிசபை, மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட, இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரியைப் போட்டது. கடையின் கொள்முதல், விற்பனை எல்லாம் மாநில அதிகாரி மேஜைக்குப் போனது. அதே கடையின் தொழில்வரியை நிர்ணயிக்க வேண்டிய நகராட்சி ஊழியரோ, வாசலில் நின்று போர்டின் நீளத்தைப் பார்த்து உத்தேசம் போடவேண்டியதுதான். அந்தத் தொழில்வரிக்கு ஒரு மூடியும் உண்டு. அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவில், வருஷத்துக்கு 250 ரூபாய்தான் அதிகபட்சம் என்று இருந்தது. 1988-ல் 2,500 ஆக்கினார்கள். இன்னமும் அதேதான். தமிழ்நாட்டில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டிவிட்டால், துணிக்கடை மேனேஜருக்கும் நகைக்கடை முதலாளிக்கும் ஒரே வரி. மேனேஜருக்குச் சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். முதலாளி தானாகச் சொன்னால்தான் உண்டு.

சரி, இரண்டு ஏட்டையும் சேர்த்துவிட்டால்? ஜி.எஸ்.டி. சட்டத்தின் 150-வது பிரிவில், தகவல் தரவேண்டியவர்கள் பட்டியலில் உள்ளாட்சி அமைப்பும் இருக்கிறது. ஆனால், ஜி.எஸ்.டி. கணக்கை ரகசியமாக வைக்கச் சொல்லும் 158-வது பிரிவில் விலக்குகளைப் பாருங்கள். மத்திய அரசும் மாநில அரசும் வரி போடுவதற்காக அவற்றின் அதிகாரிகளுக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறது. நகராட்சியின் பெயர் அந்த வரியில் இல்லை. ராஜராஜன் ஓலை இரண்டு பக்கமும் நடந்தது. இது ஒருவழிப் பாதை!

ஒற்றை ஏடாக விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதை மதுரைக்காரர்கள் 2025-ல் பார்த்தார்கள். அதிகாரிகளின் பாஸ்வேர்டைப் பயன்படுத்தி வணிகக் கட்டடங்களின் சொத்துவரியைக் குறைத்துவிட்டதாக வழக்கு, கைதுகள், மண்டலத் தலைவர்களின் ராஜினாமா. ஒத்துப்பார்க்க இன்னொரு ஏடு இருந்திருந்தால் இவ்வளவு சுலபமாகக் கைவைத்திருக்க முடியுமா?

ஆனால் சேர்ப்பதிலும் பயம் இருக்கிறது. அதே 2025 ஜூலையில், கர்நாடக வணிகவரித் துறை யு.பி.ஐ. வரவுகளைப் பார்த்து ஆயிரக்கணக்கான சின்னக் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. வரியே இல்லாத காய்கறி விற்றவருக்கும் லட்சக்கணக்கில் நோட்டீஸ்! பெங்களூரில் கடைக்குக் கடை 'யு.பி.ஐ. இல்லை, ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவும் 2001-ல் ஒரு சட்டம் போட்டு, மாநில வருமான வரி விவரங்களை நகராட்சிகளுக்குக் கொடுத்தது. லாஸ் ஏஞ்சல்ஸில், வீட்டில் உட்கார்ந்து சினிமாவுக்குக் கதை எழுதுகிறவர்களுக்கெல்லாம் 'லைசென்ஸ் எங்கே?' என்று கடிதம் போனது.

கம்ப்யூட்டருக்குத் தொகை தெரியும். காய்கறியா, கைமாற்றா, மச்சினன் அனுப்பிய சீர்ப்பணமா என்பது தெரியாது. அது தெரிந்தவர் அந்தத் தெருவில் நடக்கிற ஆள்தான். அவரிடம்தான் கணக்கைக் காட்டக்கூடாது என்கிறது சட்டம்.

இதையெல்லாம் மில்காரரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "ரெண்டு ஏட்டையும் ஒண்ணாக்கட்டும் தம்பி, நல்லதுதான். தப்பா ஏத்திப்புட்டா எந்த ஆபீஸுக்குப் போயி நிக்கணும்னும் அதுலயே எழுதச் சொல்லுங்க."

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் அதற்குள் பையனைக் கூப்பிட்டு ஒரு கவரை நீட்டிவிட்டார். "டேய், சொத்துவரி ரசீது ரெண்டு காப்பி, கரண்ட் பில்லு ரெண்டு காப்பி... எழுத்து தெளிவா விழுகுதான்னு பாத்து வாங்கு!"