பிரைவேட் விலேன்

ஒரே ஐபி வலையமைப்பில் இருக்கும் கணினிகள் தங்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ளாதபடி ஸ்விட்சிலேயே தடுத்து, ரவுட்டர் போன்ற பொது வாயிலோடு மட்டும் பேசவிடும் ஏற்பாடு. பல வாடிக்கையாளர்களின் சர்வர்கள் அடுத்தடுத்து இருக்கும் டேட்டா சென்டர்களிலும், ஓட்டல், அடுக்குமாடி இணைய இணைப்புகளிலும் பயன்படுகிறது. பாதுகாப்பு வசதி என்றுதான் இன்று பாடநூல்கள் இதை அறிமுகப்படுத்துகின்றன. ஆனால் இதன் பிறப்புக்கு ஐபி முகவரித் தட்டுப்பாடும் அதே அளவு காரணம்.

ஒரு ஸ்விட்சைப் பல தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் சாதாரண விலேனின் வேர் 1980களில், அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் டேவிட் சின்காஸ்கி ஈதர்நெட்டைப் பெரிய அளவுக்கு விரிக்க வழி தேடியதில் இருக்கிறது. 1998இல் ஐஇஇஇ 802.1க்யூ என்ற தரநிலை அதை முறைப்படுத்தியது. ஒவ்வொரு ஃபிரேமிலும் 12 பிட் விலேன் எண் ஒன்று ஏறும். 0, 4095 இரண்டையும் கழித்தால் 4094 எண்கள். ஓர் அலுவலகத்துக்கு இது தாராளம். மற்றவர்களின் சர்வர்களை வாடகைக்கு வைத்துப் பராமரிக்கும் நிறுவனங்கள் பெருகியபோதுதான் இடித்தது.

ஆளுக்கொரு விலேன் கொடுத்தால் ஆளுக்கொரு ஐபி வலையமைப்பும் கொடுத்தாக வேண்டும். மிகச் சிறியதாக /30 கொடுத்தாலும் அதிலுள்ள 4 முகவரிகளில் ஒன்று வலையமைப்புக்கு, ஒன்று பிராட்காஸ்ட்டுக்கு, ஒன்று ரவுட்டருக்குப் போய்விடும். வாடிக்கையாளருக்கு மிஞ்சுவது ஒன்றே ஒன்று. 200 பேருக்கு 800 முகவரிகள் செலவாகும். அத்தனை பேரையும் ஒரே /24இல் போட்டால் 254 முகவரிகளுக்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் அப்போது எந்த சர்வரும், ஐபி முகவரிக்குரிய வன்பொருள் (மேக்) முகவரியைக் கேட்டறியும் ஏஆர்பி முறையில் பொய்யான பதில் அனுப்பி, பக்கத்து சர்வருக்குரிய போக்குவரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை, டேனி மெக்பெர்சனும் பாரி டைக்ஸும் 2001 பிப்ரவரியில் எழுதிய ஆர்எஃப்சி 3069. பல துணை விலேன்களை ஒரு சூப்பர் விலேனுக்குக் கீழே சேர்த்து, எல்லாவற்றுக்கும் ஒரே வலையமைப்பையும் ஒரே வாயிலையும் கொடுப்பது அதன் வழி. சிஸ்கோ நிறுவனம் கேட்டலிஸ்ட் 6000 வரிசை ஸ்விட்சுகளில் கொண்டுவந்த பிரைவேட் விலேன் வேறு விதமானது. பெயராக நிலைத்ததும் அதுதான். அதன் முழு விவரிப்பு, சஞ்சிப் ஹோம்சௌத்ரி, மார்கோ ஃபோஷியானோ இருவரும் எழுதிய ஆர்எஃப்சி 5517ஆக 2010 பிப்ரவரியில்தான் வெளிவந்தது. அதுவும் தகவலுக்கான ஆவணமே தவிர தரநிலை அல்ல.

பிரைவேட் விலேனின் சூட்சுமம், போகும் வழிக்கு ஓர் எண்ணும் வரும் வழிக்கு வேறோர் எண்ணும் வைத்ததில் இருக்கிறது. 100 பிரைமரி விலேன், 101 ஐசொலேட்டட், 102 கம்யூனிட்டி என்று வைத்துக்கொள்வோம். ஐசொலேட்டட் போர்ட்டில் இருக்கும் சர்வர் அனுப்புவதெல்லாம் 101இல் ஏறி, ரவுட்டர் இணைந்திருக்கும் புராமிஸ்குவஸ் போர்ட்டுக்கு மட்டும் போகும். ரவுட்டரின் பதில் 100இல் இறங்கி வரும். ஆகவே அந்த சர்வர் ஏஆர்பி கேள்வியை ஊருக்கே கேட்கும்படி கத்தினாலும் பக்கத்து போர்ட்டுக்கு அது கேட்காது. எத்தனை வாடிக்கையாளர் இருந்தாலும் ஐசொலேட்டட் விலேன் ஒன்று போதும். ஒரே வாடிக்கையாளரின் நாலைந்து சர்வர்கள் தங்களுக்குள் பேச வேண்டுமானால் அவற்றுக்கு ஒரு கம்யூனிட்டி விலேன்.

அமைக்கும்போது முதலில் மூன்று விலேன்களையும் வகை சொல்லி உருவாக்கி, 101ஐயும் 102ஐயும் 100உடன் இணைக்க வேண்டும். பிறகு சர்வர் போர்ட்டுகளை ஹோஸ்ட் என்றும் ரவுட்டர் போர்ட்டைப் புராமிஸ்குவஸ் என்றும் குறிக்க வேண்டும். ரவுட்டர் வேலையையும் ஸ்விட்சே பார்க்கிறது என்றால் விலேன் 100இன் இன்டர்ஃபேசிலும் 101, 102க்கான மேப்பிங் எழுத வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். ஸ்விட்சுகளுக்கிடையே விலேன் பட்டியலைப் பரப்பும் சிஸ்கோவின் விடிபி நெறிமுறையின் 1, 2ஆம் பதிப்புகள் பிரைவேட் விலேன் விவரத்தைச் சுமக்காது. ஆகவே விடிபியை டிரான்ஸ்பேரன்ட் நிலையில் வைத்து, நடுவில் இருக்கும் ஸ்விட்சுகள் உட்பட ஒவ்வொன்றிலும் கையால் எழுத வேண்டியிருந்தது. 3ஆம் பதிப்பு அந்தக் கஷ்டத்தைத் தீர்த்தது.

ஓட்டை ஒன்று உண்டு. ஃபிரேமில் ரவுட்டரின் மேக் முகவரியையும், உள்ளிருக்கும் பாக்கெட்டில் பக்கத்து சர்வரின் ஐபி முகவரியையும் போட்டு அனுப்பினால் ஸ்விட்சுக்கு அதில் தப்பே தெரியாது: ரவுட்டருக்குத்தானே போகிறது! ரவுட்டரோ ஐபியைப் பார்த்து, வந்த வழியிலேயே பக்கத்து சர்வருக்குத் திருப்பிவிடும். அதே வலையமைப்பிலிருந்து அதே வலையமைப்புக்குப் போகும் பாக்கெட்டைத் தடுக்கும் ஏசிஎல் (அணுகல் விதிப்பட்டியல்) ஒன்றை ரவுட்டரில் எழுதாதவரை, பிரைவேட் விலேனைப் பாதி வேலை என்றே சொல்ல வேண்டும்.

விஎம்வேர், 2009இல் வந்த விஸ்பியர் 4இன் டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்சில் பிரைவேட் விலேனைச் சேர்த்தது. ஜூனிப்பர் போன்ற பிற நிறுவனங்களும் தந்தன. மெட்ரோ ஈதர்நெட்டில் இ-ட்ரீ என்ற சேவை, வேர், இலை என்ற பெயர்களில் இதே பிரிவினையைச் செய்கிறது. லினக்ஸ் பிரிட்ஜில் 2018இல் வந்த 4.18 கெர்னல் முதல், போர்ட்டை ஐசொலேட்டட் ஆக்கலாம். கேட்டலிஸ்ட் 2960 போன்ற விலை குறைந்த ஸ்விட்சுகளில் இருப்பது புரொடெக்டட் போர்ட் மட்டும். அதன் தடை ஒரு ஸ்விட்சோடு முடிந்துவிடும். இரண்டு ஸ்விட்சுகளில் ஒரே விலேனில் ஆளுக்கொன்றாக இருக்கும் புரொடெக்டட் போர்ட்டுகள் தாராளமாகப் பேசிக்கொள்ளும்.